கயிறு மாறுவதற்கு முன்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. சில மாதங்களாகக் குதிரையேற்ற வகுப்புக்குப் போகிறீர்கள். டிராட்டில் குலுங்காமல் எழுந்து உட்காரத் தெரிகிறது. கேன்டரும் ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று. தோட்டத்தில் இடம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பணமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. சொந்தமாக ஒரு குதிரை வாங்கலாமா என்ற ஆசை வந்துவிட்டது. ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதல் குதிரை வாங்கிய பலர் ஒரு வருடத்துக்குள் ஏறுவதையே விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். குதிரை கொட்டகையில் நிற்கிறது. வாங்கியவர் வாளியில் தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார். கிட்டப் போகப் பயம். இத்தனைக்கும் அவர் வாங்கியது பெரும்பாலும் நல்ல குதிரையாகத்தான் இருக்கும். அவருக்கு ஆகாத குதிரை, அவ்வளவுதான்.

பள்ளிக் குதிரையிலிருந்து ஆரம்பிக்கலாம். வகுப்பில் நீங்கள் ஏறுகிற குதிரை பல வருடங்களாகப் புதியவர்களைச் சுமந்து பழகியது. ஆசிரியர் “டிராட்” என்று குரல் கொடுத்தாலே ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் காலால் அழுத்தினீர்களா இல்லையா என்றுகூடப் பார்க்காது. முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்தபடி வளைவில் தானாகத் திரும்பும். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். இத்தனையையும் அது செய்ததால்தான் “எனக்கு ஓட்ட வந்துவிட்டது” என்ற நம்பிக்கை உங்களுக்கு வந்தது. அதே நம்பிக்கையோடு, இதில் எதையுமே பழகாத ஒரு குதிரைமேல் ஏறுகிறீர்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது சிக்கல்.

குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. விலாவில் காலால் அழுத்துகிறோம். குதிரை ஓரடி முன்னே வைக்கிறது. வைத்த அந்த நொடியே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால், முன்னே நடந்தால் தொல்லை தீரும் என்று அதன் மனதில் பதிகிறது. அழுத்துவது வெறும் கேள்வி. விடுகிற நேரத்தில்தான் குதிரை பாடம் படிக்கிறது. பழகிய கை இதை யோசிக்காமலே செய்யும். புதியவரின் கைக்கு அது வர வருடங்கள் ஆகும். டிராட்டில் உடம்பு குலுங்கும்போதெல்லாம் வாய்க்குள் இருக்கிற கம்பி இழுபடுகிறது. விழாமல் இருக்கக் கால் இரண்டும் விலாவை இறுக்கிப் பிடிக்கின்றன. கால் போ என்கிறது, கை நில் என்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்கிற விலங்கு என்னதான் செய்யும்? சில குதிரைகள் எதையுமே காதில் போட்டுக்கொள்ளாமல் மரத்துப்போகும். சில எதிர்க்கும்.

ஒரு நாள் வாசல் பக்கம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு முரண்டு பிடிக்கிறது. நீங்கள் பயந்து இறங்கிவிடுகிறீர்கள். இறங்கியதும் பாரமும் போயிற்று, இழுப்பும் போயிற்று. குதிரை அதையும் பாடமாகவே எடுத்துக்கொள்கிறது. மறுநாள் வாசலுக்கு இருபதடி முன்பே முரண்டு பிடிக்கும். அடுத்த வாரம் அங்கவடியில் கால் வைக்கும்போதே நகரும். சாதுவாக வந்த குதிரை மூன்று மாதத்தில் ஆளைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்குகிறது. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று வீட்டில் பேச்சு. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. குதிரைக்குத் தெரியாததை ஏறுகிறவர் சொல்லிக்கொடுக்க வேண்டும், அல்லது ஏறுகிறவருக்குத் தெரியாததைக் குதிரை சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரியாதபோது பயம் மட்டும்தான் வளரும்.

நம் பக்கத்தில் இந்தப் பொருத்தமின்மை அதிகம் நடப்பது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தாரோபிரெட் குதிரைகளில். பந்தயத்தில் ஜெயிக்காத குதிரையை வைத்துத் தீனி போட உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் குறைந்த விலைக்கு வரும், சில சமயம் சும்மாவே வரும். பார்க்க ராஜகம்பீரம். 16 ஹேண்ட் உயரம் என்றால், ஒரு ஹேண்டுக்கு 4 அங்குலம், கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடே 5 அடி 4 அங்குலத்தில் இருக்கும். தோல் பளபளக்கும், நரம்பு தெரியும். இந்த விலைக்கு இப்படி ஒரு குதிரையா என்று மனசு பறக்கும்.

ஆனால் அந்தக் குதிரைக்கு இரண்டு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது என்ன என்று பாருங்கள். பந்தயத்தில் ஏறுகிறவர் சேணத்தில் உட்காருவதில்லை. எழுந்து முன்னால் குனிகிறார். கடிவாளத்தைக் குறுக்கிப் பிடிக்கிறார். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கிறது. புதிதாக ஏறியவருக்குப் பயம் வந்தால் உடம்பு என்ன செய்யும்? முன்னால் குனியும். கடிவாளத்தைக் குறுக்கி இறுக்கிப் பிடிக்கும். கால் விலாவைக் கவ்வும். நிறுத்தத் தெரியாமல் அவர் செய்கிற மூன்றும் அந்தக் குதிரைக்கு “ஓடு” என்ற கட்டளை. அவர் இன்னும் இழுக்கிறார், அது இன்னும் ஓடுகிறது. கீழே விழுந்தவர் “அடங்காத குதிரை” என்கிறார். அது அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறது.

இதில் வயிறும் சேர்ந்துகொள்ளும். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். புல்லும் வைக்கோலும் போய்க்கொண்டே இருந்தால்தான் அது புண்ணாகாமல் இருக்கும். பந்தயக் குதிரைக்கு ஓட்ஸ் மாதிரி தானியம் அதிகம், மேய்ச்சல் குறைவு, அடைத்து வைக்கிற நேரம் அதிகம். அதனால் இரைப்பைப் புண் அவற்றுக்குச் சகஜம். வார் இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிக்கிறார்கள். பாதி நேரம் அதற்கு வலி. நல்ல பயிற்சியாளர் ஒருவர் சில மாதம் அதை மேயவிட்டு, பிறகு அடியிலிருந்து பழக்கினால் அருமையான சவாரிக் குதிரையாக மாறும். இந்தியாவில் குதிரையேற்றப் போட்டிகளில் பேர் வாங்கிய பல குதிரைகள் பந்தயத்திலிருந்து வந்தவைதான். அந்த வேலையைச் செய்கிற ஆள் நீங்கள் இல்லை, இப்போதைக்கு.

இன்னொரு இடம் ஆடி மாதத்து அந்தியூர். குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரும் வரும். காதுகள் இரண்டும் உள்ளே வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். கொட்டுச் சத்தத்துக்குத் தகுந்தாற்போல் காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். அந்த அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூசியும் வெயிலும் மறந்து நின்று பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் ஆடப் பழக்கிய குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் ஆட வேண்டும் என்று அர்த்தம், முன்னங்காலைத் தூக்கி எழ வேண்டும் என்று அர்த்தம். தோட்டத்துப் பாதையில் ஒரு மயில் குறுக்கே பறந்ததும் நீங்கள் கடிவாளத்தை இறுக்குவீர்கள். அது நேராக மேலே எழும்.

சந்தைக்கு வருகிற ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்காதவை. பொலிகுதிரை தூரத்தில் ஒரு பெட்டையின் வாடை பட்டாலே மேலே ஆள் இருப்பதை மறந்துவிடும். சிலவற்றின் வாயைத் திறந்து பார்த்தால் உதட்டு ஓரத்தில் ஆறிய தழும்பும் நாக்கில் வெட்டும் இருக்கும். முள் வைத்த கடிவாளத்தின் வேலை அது. இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே அதைத் தடை செய்துவிட்டன. முள் இருந்ததால் அடங்கிய குதிரையை நீங்கள் சாதாரணக் கடிவாளத்தோடு வீட்டுக்கு ஓட்டி வருகிறீர்கள். அடக்கி வைத்திருந்தது எது என்று வந்த பிறகுதான் தெரியும்.

குட்டி வாங்குகிறவர்களும் உண்டு. “பையனும் குட்டியும் சேர்ந்து வளரட்டுமே” என்பார்கள். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தாறு வயது ஆகும். அதுவரை அதற்கு வேண்டியது தேர்ந்த கை. வேண்டாம்.

சுழி பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் பெரியவர்கள் நெற்றியைத் தடவி, கழுத்தைத் தடவிச் சுழி பார்ப்பார்கள். நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி என்று விலை ஏறும். அது அவர்கள் நம்பிக்கை. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் சுழிக்கு அரைமணி நேரம் செலவழித்தவர் குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்காமல் பணத்தை எண்ணுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. சுழி உங்களைக் கீழே தள்ளாது. நொண்டுகிற கால் தள்ளும்.

திருவிளையாடலில் வாதவூரர் கதை உங்களுக்குத் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போயிற்று. சோமசுந்தரரே குதிரைச் சேவகனாக வந்து குதிரைகளை நிறுத்தினார். பாண்டியன் மகிழ்ந்து கயிறு மாற்றி வாங்கிக்கொண்டான். அன்றிரவே அத்தனையும் நரியாகி ஊளையிட்டன. இன்றைக்கும் சந்தையில் கயிறு கை மாறினால் வியாபாரம் முடிந்தது; அப்புறம் கேள்வி கிடையாது. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதிலும் சந்தையில் நின்று வாங்காமல், குதிரை இருக்கிற இடத்துக்கே போய்ப் பாருங்கள். கூட உங்கள் ஆசிரியரோ நாலு குதிரை வைத்துப் பழகியவரோ கட்டாயம் வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். இந்தக் காரியத்தில் நீங்கள் செய்கிற மிக நல்ல செலவு அதுதான்.

போகும்போது, நாங்கள் வந்த பிறகு சேணம் கட்டினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய் இறங்கியதும் குதிரை சேணத்தோடு தயாராக நின்றால் முதுகில் கையை வைத்துப் பாருங்கள். சேணத்துக்கு அடியில் ஈரம் இருந்தால் காலையில் நன்றாக ஓட்டி அலுக்க வைத்திருக்கிறார்கள். அலுத்த குதிரை எல்லாமே சாது. “குழந்தை ஏறினாலும் ஆட்டுக்குட்டி மாதிரி நிக்கும்ங்க” என்பார் விற்கிறவர். “சரிங்கண்ணா, நாளைக்குக் காலையில ஓட்டாம வைங்க, இன்னொரு தடவை வர்றோம்” என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

மறுநாள் கொட்டகைக்குள் இருக்கிற குதிரையிலிருந்து ஆரம்பியுங்கள். ஆள் உள்ளே போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, பின்புறத்தைத் திருப்பிக்கொள்கிறதா? குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் தோள்பக்கமாகப் போக வேண்டும். கயிறு கட்டுவதை, தேய்த்து விடுவதை, நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்குவதைப் பாருங்கள். நாலாவது குளம்பை ஏதோ காரணம் சொல்லித் தூக்காமல் விட்டால் அதைத்தான் தூக்கச் சொல்ல வேண்டும். வார் இறுக்கும்போது ஆளைப் பார்க்காதீர்கள், காதையும் மூக்கையும் பாருங்கள். காது பின்னால் படிந்து, மூக்கு சுருங்கி, வால் அடித்தால் அங்கே ஏதோ இருக்கிறது: வலி, அல்லது பழைய கசப்பு.

முதலில் விற்கிறவரே ஏற வேண்டும். “எனக்கு இடுப்பு வலிங்க, பையனும் ஊருக்குப் போயிட்டான்” என்று சாக்குச் சொன்னால் நீங்களும் ஏறாதீர்கள். அவர் ஓட்டிக் காட்டட்டும். பிறகு உங்கள் ஆசிரியர். கடைசியில் நீங்கள், தலைக்கவசத்தோடு. வட்டத்துக்குள் ஓட்டிப் பார்த்தது போதாது. மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகச் சாலைப்பக்கம் நடத்திப் பாருங்கள். கூட்டத்தை விட்டு அரை பர்லாங் தள்ளிப் போனதும் கனைத்துக்கொண்டு திரும்புகிற குதிரை, உங்கள் தோட்டத்தில் ஒற்றையாக நிற்கும்போது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். லாரி ஹாரன், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பை, குரைக்கிற நாய் எல்லாம் வரட்டும். எந்தக் குதிரையும் ஒரு முறை திடுக்கிடும். திடுக்கிட்ட பிறகு நின்று பார்க்கிறதா, பிய்த்துக்கொண்டு ஓடுகிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விவரம்.

காலைப் பார்ப்பதற்குக் கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேராக டிராட் ஓடவிடச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் தலை காட்டிக்கொடுக்கும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கண் பழகாதவருக்கும் பத்துத் தப்படிக்குள் தெரிந்துவிடும். ஆனால் ஃபீனைல்பூட்டசோன் மாதிரி வலி மருந்து கொடுத்திருந்தால் தெரியாது. மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்து முரட்டுக் குணத்தை மறைப்பதும் உண்டு. அதனால்தான் இரண்டு மூன்று நாள் விட்டு, சொல்லாமல் ஒரு தடவை போக வேண்டும். விலை பெரிதென்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். கால்நடை மருத்துவர் நீங்கள் கூட்டிப்போகிறவராக இருக்கட்டும், விற்கிறவர் காட்டுகிறவர் வேண்டாம்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்து நிலைத்துவிடும். மேல்தாடையின் ஓர முன்பல்லில், ஈறை ஒட்டி, 10 வயது வாக்கில் ஒரு பழுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். 15 வயதில் பாதிப் பல் வரை இறங்கும், 20 வயதில் முழுப் பல்லுக்கும் வந்துவிடும். துல்லியக் கணக்கு இல்லை, ஆனால் 16 வயதுக் குதிரையை 8 வயது என்று உங்களிடம் விற்க முடியாது. கூடவே கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றுகிற நோய். நோய் உறுதியானால் 2009-ஆம் வருடச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், குதிரையையும் கொன்றுவிடுவார்கள். ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்கிறது.

பராமரிப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்துக் கிலோ உலர்தீவனம் வேண்டும். குதிரை மசால் கலந்தால் நல்லது. தண்ணீர் 30, 40 லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்டி லாடம் பார்க்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவருக்குக் குதிரைக் குளம்பு தெரிய வேண்டும் என்றில்லை. தெரிந்த ஆள் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். வருடா வருடம் ரணஜன்னி ஊசி உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கினால் வயிற்றுவலியே உயிரை வாங்கிவிடும். பாசத்தில் கொள்ளை அள்ளி வைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தின்றது செரிக்காமல் தங்கினால் நோய். வேலை இல்லாத உடம்பில் செரித்தால் துள்ளல். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து வருடந்தோறும் இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை சரியான தீனியும் லாடக்காரரும் இல்லாமல் செத்துப்போவதாக எழுதிவைத்தார். வாங்கப் பணம் இருந்த ராஜாக்களுக்கே அந்த நிலை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பதற வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். முதலில் ஏறுவதை நிறுத்துங்கள். பல், முதுகு, சேணத்தின் பொருத்தம், குளம்பு நாலையும் மருத்துவரை வைத்துப் பாருங்கள். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, நாளில் பாதி நேரமாவது வெளியே விடுங்கள். இதிலேயே சில குதிரைகள் மாறிவிடும். மாறாவிட்டால் பழகிய ஒருவரிடம் சில மாதம் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் தரையில் நின்று அதை நடத்தவும் நிறுத்தவும் பழகுங்கள். அப்புறமும் உங்களுக்குப் பயம் போகவில்லை என்றால், அதற்கு ஏற்ற ஆளைத் தேடி உள்ளதை உள்ளபடி சொல்லி ஒப்படையுங்கள். குறையை மறைத்துச் சந்தையில் தள்ளிவிட்டால் அடுத்து ஏறப்போவது யாரோ ஒருவரின் பிள்ளை. குதிரைக்கும் 25, 30 வருட ஆயுள். கை மாறி மாறி அடி வாங்க அதற்கு விதியில்லை.

அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது? 10 வயதைத் தாண்டிய, காயடித்த ஆண் குதிரை, அல்லது சாந்தமான பெட்டை. நிறம் எதுவானாலும் சரி. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்த பாரம் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பல பேரைச் சுமந்து பழகியிருக்க வேண்டும். பார்க்கச் சுமாராக இருக்கும், விலையும் வாலிபக் குதிரைக்குக் குறைவாக இருக்காது. நீங்கள் காசு கொடுப்பது அதன் பழக்கத்துக்கு. பத்து நாள் உங்கள் பள்ளியில் கட்டிப் பார்த்துவிட்டுப் பாக்கிப் பணம் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்கிறவரிடம் வாங்குங்கள். அது கிடைக்கும்வரை பள்ளிக் குதிரையையே மாதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு தீனி, தேய்ப்பு, சாணம் அள்ளுவது எல்லாம் நீங்களே செய்து பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதைச் செய்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் வாங்கலாம். இந்த ஆடிக்கு அந்தியூர் போங்கள், ஆசை தீரப் பாருங்கள், குதிரைக்காரர்களிடம் பேசுங்கள். பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.